மாவுப் பாலும் டின் பாலும்

கைக்குழந்தைக்கு மாவுப் பால் நல்லதா, டின் பால் நல்லதா என்று யார் கேட்டாலும் நான் சளைக்காமல் பதில் சொல்வேன். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்தில் சீமைச் சாமான் கடை வைத்திருந்தவன். புதுச்சேரியில் கப்பலிலிருந்து இறங்குகிற வாசனைச் சோப்பு, சவரக் கத்தி, பிஸ்கோத்து, குழந்தைகளுக்கான பால் எல்லாம் சீக்கிரமே என் அலமாரிக்கு வந்துவிடும். எல்லையிலிருந்த பூவம் சுங்கச் சாவடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் ஒளித்துக்கொண்டு போன சாமானில் பாதி என் கடையில் வாங்கியது. சாவடியைத் தாண்டும்போது பால் டின்னைத் துணியில் சுற்றிப் பிள்ளை மாதிரித் தோளில் சாய்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பார்க்க எந்தச் சாவடிக்காரனுக்கும் மனசு வராது.

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. மாவுப் பால் பொடியாக வரும். வெந்நீரில் கரைக்க வேண்டும். நம் ஊர்க் கிணறுகளில் பாதி உப்பு. நல்ல தண்ணீர் வேறு தெருவிலிருந்து குடத்தில் வர வேண்டும், அதைக் கொதிக்க வைத்து ஆற்ற வேண்டும். அதுவரை பிள்ளை கத்த வேண்டும். குடம் கழுவாத குடமாக இருந்தால் அந்தக் கதை வேறு. ஆனால் மாவு கெடாது, எப்போதும் கிடைக்கும். டின் பால் என்று நான் சொல்வது தேத்தண்ணிக்கு ஊற்றுகிற சர்க்கரைப் பாலை அல்ல. பிள்ளைகளுக்கென்றே அப்போது புதிதாக வந்த தினுசு. தண்ணீரே வேண்டாம். மூடியில் ஆணியால் இரண்டு துளை போட வேண்டும், பால் வெளியே வர ஒன்று, காற்று உள்ளே போக ஒன்று. அப்படியே சங்கில் ஊற்றிக் கொடுக்கலாம். ஆனால் சித்திரை வெயிலில் திறந்த டின் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். கப்பல் தவறினால் டின்னும் தவறும்.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் மாவு, கப்பல் ஒழுங்காக வந்தால் டின் என்பது என் தீர்ப்பு. இதை நான் கடைக்காரனாக இருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் தங்கை மகளுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

என் பெயர் நெய்னா முகம்மது. வேடிக்கைக்காரன் என்று ஊரில் பெயர். மய்யித்து கிடக்கும் துக்க வீட்டுக்கு நான் போனால்கூட நாலு பேர் முன்னெச்சரிக்கையாகத் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். என் முகம் அப்படி. அழுதாலும் யாரையோ பார்த்து அழுது காட்டுவது போலத்தான் இருக்கும்.

எங்கள் குடும்பங்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. ஆணுக்குப் போன இடத்தில் நல்ல சோறும் மரியாதையும் ஒரு கட்டிலும். நான் பிறந்த வீடு உம்மாவுக்குப் பிறகு, அண்ணன் என்னை நானா என்று கூப்பிடும் என் தங்கை உம்மு சல்மாவுக்குப் போயிற்று. முறை அதுதான், எனக்கு வருத்தமில்லை. நான் என் மனைவி ஜொஹராவின் வீட்டில் இருந்தேன். அங்கே என் மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுதான் என்னோடு பேசுவார். மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது. எத்தனை வருஷமானாலும் விருந்தாளியாகவே இருப்பதைப் போலச் சுகம் உண்டா என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். பிறந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் மிதியடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு தடுமாற்றம் வரும். சொந்தக்காரனுக்கும் இல்லாமல் வந்தவனுக்கும் இல்லாமல் ஒரு தடுமாற்றம்.

சல்மா தலைப்பிரசவத்தில் மவுத்தாகிப் போனாள். அவள் புருஷன் சேக் அலாவுதீன் சைகோனில் ஜவுளிக் கடையில் இருந்தார். கப்பல் ஏறி வர மாதங்கள் ஆகும். பிள்ளை பிழைத்தது. பெண். ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று நான் பெயர் வைத்தேன். அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய பெயர் எதற்கு என்று கேட்டார்கள். வளர்ந்து நிரப்பிக்கொள்வாள் என்றேன். பிர்தௌஸைத் துணியில் சுற்றி ஜொஹராவின் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்போது என் மகன் நூகு கைப்பிள்ளை. தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஜொஹரா அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் பால் டின்னுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். ஜொஹராவும் கேட்டாள். அவள் பிர்தௌஸை என் கையிலிருந்து வாங்கி, மடியில் போட்டு, சேலையை விலக்கிக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்றேன்.

"என்ன வேண்டாம்? இவனுக்குப் போக மிச்சம் கெடக்குதுங்க. ஒரு பக்கம் இவனுக்கு, ஒரு பக்கம் அவளுக்கு. ரெட்டைப் புள்ள பெத்தவ குடுக்கலியா?"

"கடையில பால் இருக்கு. நான் கொண்டாறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்து, வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

விஷயம் இதுதான். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். வேறு வயிற்றில் பிறந்திருந்தாலும் பால் அவர்களை அண்ணன் தங்கை ஆக்கிவிடும். பிறகு அந்த இருவருக்குள் நிக்காஹ் கூடாது. அழகான சட்டம். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிர்தௌஸை நூகுவுக்குத்தான் கட்டுவது என்று எனக்கும் சல்மாவுக்கும் வாக்கு இருந்தது. அத்தை மகள், மாமன் மகன். கேட்கவே வேண்டாத முறை. சல்மாவின் வீடு பிர்தௌஸுக்கு வரும். நூகு அங்கே மாப்பிள்ளையாகப் போவான். பெற்றவன் என்ற முறையில் நானும் வந்து போவேன். மிதியடியை எங்கே கழற்றுவது என்ற தடுமாற்றம் இருக்காது. ஜொஹரா அவளை மடியில் போட்டுக்கொண்டால் இது ஒன்றும் நடக்காது.

இதை நான் பொறுமையாக விளக்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார்: "புள்ளைக்கு மொதல்ல பல்லு மொளைக்கட்டும் மாப்புள. சம்பந்தம் அப்பறம் பேசிக்கலாம்." மாப்பிள்ளையிடம் அவ்வளவுதான் சொல்ல முடியும். அது எனக்குத் தெரியும்.

வேறு வழி ஒன்றும் வாசலுக்கே வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டினச்சேரியிலிருந்து அஞ்சுகம் என்று ஒருத்தி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை. பிர்தௌஸின் அழுகையைக் கேட்டுக் கூடையை இறக்கினாள்.

"குடுங்க மரைக்காரே, நான் குடுக்குறேன். எனக்கு ஆத்துத் தண்ணியாட்டம் வருது."

அதில் எந்தத் தடையும் இல்லை. அவள் பிள்ளைகளோடு எங்களுக்குச் சம்பந்தம் பேசும் எண்ணம் இருக்கவில்லை. ஆனால் சீமைப் பால் விற்கிறவன் வீட்டுப் பிள்ளை மீன்காரியிடம் குடித்தது என்று தெரிந்தால் கடை என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. "வேண்டாம் தாயி, பொறவு எம்மருமவ பேசுனா வாள மீனு வாடை அடிக்கும்" என்றேன். தெருவே சிரித்தது. அஞ்சுகமும் சிரித்தாள், கடைசியில் ஆரம்பித்து முதலில் நிறுத்தினாள். கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பிறகு எங்கள் தெருவுக்கு அவள் வரவில்லை. நல்ல வேடிக்கைதான் அது. இன்றைக்கும் யாராவது நினைவுபடுத்துவார்கள்.

ஆகவே மாவுப் பால். நானே கரைத்தேன். ஒரு ஆண்பிள்ளை அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைப் பால் கலக்குவதைப் பார்க்க அடுத்த வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கரண்டியைத் தலைதட்டி அளந்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். ஊரில் எந்தத் தகப்பனும் அவ்வளவு செய்திருக்க மாட்டான். பிர்தௌஸ் சங்கைப் பார்த்ததும் வாயைத் திறப்பாள். குடித்த பின்பும் திறந்தே வைத்திருப்பாள், வேறு எதையோ எதிர்பார்க்கிற மாதிரி.

அவள் அழும்போதெல்லாம் ஜொஹராவின் ரவிக்கை நனைந்தது. அடுத்த அறையில் இருந்தாலும் நனைந்தது. பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாருக்கு வைத்துக் கட்டிய துணிகளைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போடுவாள். நன்றாக அலசினாலும் காய்ந்ததும் கஞ்சி போட்டது போல விறைத்து நிற்கும். நான் அவற்றைக் குனிந்து தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு நாள் ஒன்று முகத்தில் பட்டது. இனிப்பாக ஒரு வாடை.

பிர்தௌஸுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. குடத்துத் தண்ணீர்தான் காரணம் என்று இப்போது எனக்குத் தெரியும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். விழுந்த மடிப்பு அப்படியே நின்றது.

"வீட்டுல பால் குடுக்கிற பொம்பள யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்றேன். அவர் பிள்ளையின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

டின் பாலுக்கு மாற்றினேன். அதில் தண்ணீர் இல்லையே. கடையிலிருந்த டின்களை யாருக்கும் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் தேறினாள். ஆணி இறங்கும்போது டின்னிலிருந்து ஒரு சின்ன மூச்சு வரும். அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்புவாள். "மாமன் வந்துட்டேன்னு தெரியுது பாரு" என்பேன். ஜொஹரா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவாள். பிறகு கப்பல் தவறியது. கடைசி டின்களை மத்தியானம் தாண்டியும் வைத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துத்தான் கொடுத்தேன். புளிப்பு இருந்தது, அதிகம் இல்லை.

அவள் மறுபடி படுத்தாள். இந்தத் தடவை அழவும் இல்லை.

பள்ளிவாசலில் ஆலிம்சாவைப் பார்த்து, வேறு யாருக்கோ கேட்பது போல ஒரு சந்தேகம் கேட்டேன். எத்தனை முறை குடித்தால் பால் உறவு ஆகும்? ஒரு வாய் பட்டாலே ஆகிவிடுமா?

"வயிறு நெறைய அஞ்சு தடவ. நம்ம பக்கத்துச் சட்டம் அது."

"கிண்ணத்துல பீச்சிக் குடுத்தா?"

"அதுவும் கணக்குதான்" என்று சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பசிச்ச புள்ளைக்குப் பால் குடுக்குறது நன்மை தம்பி. உறவு கூடுறது அல்லா குடுக்குற பரக்கத்து. யாராச்சும் அதுக்குப் பயந்துகிட்டு நிக்கிறாங்கன்னா, பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னதில் மற்றதையெல்லாம் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு, ஐந்து என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஐந்து என்றால் நான்கு வரை பாதகமில்லை. வியாபாரம் செய்கிறவனுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜொஹராவைக் கூப்பிட்டு, "குடு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையை வாங்கின வேகத்தில் சுவரில் முழங்கை இடித்துத் தோல் பெயர்ந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. பிர்தௌஸுக்கு முதலில் உறிஞ்சத் தெம்பில்லை. ஜொஹரா ஒரு சொட்டை உதட்டில் தடவினாள். கொஞ்ச நேரத்தில் அறையில் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று.

நான்காவதற்குள் அவள் கண்ணில் ஒளி வந்துவிட்டது. வயிற்றுப்போக்கு நின்றது. மாமி முதல் தடவையாகக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். பிர்தௌஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றும் வேடிக்கை செய்யவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் காரணமில்லாமல் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

"போதும்" என்றேன்.

ஜொஹராவுக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "இவ தேறிக்கட்டும். நம்ம நூகுக்கு ஊருல வேற பொண்ணா இல்ல? இவ மவளா இருந்துட்டுப் போறா. மருமவளா வந்தாத்தான் சோறு போடுவீங்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்கு வாய் வந்தது, ஆனால் வேடிக்கையாக ஒன்றுதான் வந்தது, ஆகையால் சொல்லவில்லை.

நான் கடைக்குப் போயிருக்கும்போது அவள் கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். எனவே பிர்தௌஸைத் தூக்கிக்கொண்டு சல்மாவின் வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடந்த வீடு. சாவி என்னிடம் இருந்தது. புது மாவு டப்பா, புதுக் குடம், விறகு எல்லாம் கொண்டுபோனேன். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தேன். அந்த விஷயத்தில் இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. ஆனால் வயிறு ஒரு தடவை புண்ணான பிள்ளைக்கு மாவு ஒத்துக்கொள்ளாது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கேட்கிறவர்களிடம் இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவள் மறுபடி வாடினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். தொட்டில் ஆட்டினேன், கோழி மாதிரிக் கத்திக் காட்டினேன், வாத்து மாதிரி நடந்து காட்டினேன்.

ஜொஹரா வந்தது மத்தியானம் லுஹர் தொழுகை நேரத்தில். தெருவில் ஆள் இல்லை. துணையில்லாமல் வாசலைத் தாண்டாதவள் அவள். மூன்று தெருவைத் தனியாகக் கடந்து வந்து கதவைத் தட்டினாள். நான் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"தொறங்க. புள்ளைக்குப் பசிக்குது. எனக்குத் தெரியுது."

உள்ளே பிர்தௌஸ் சத்தமே போடவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. பசித்துத்தான் கிடந்தாள்.

"ஒரே ஒரு தடவங்க. நீங்க எண்ண வேண்டாம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "கட மூடியிருக்கு. சாயங்காலமா வாங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொல்லி யாரும் சிரிக்காத வேடிக்கை அது ஒன்றுதான். ஏன் சொன்னேன் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கஷ்டமான இடத்தில் என் வாய்க்கு வேறு பழக்கம் இல்லை. கதவுக்கு வெளியே அவள் உட்காரும் சத்தம் கேட்டது. முதுகைக் கதவில் சாய்த்திருக்க வேண்டும். பலகை ஒரு தடவை முனகியது. நான் உள்ளே அதே பலகையில் சாய்ந்து உட்கார்ந்தேன், மடியில் பிர்தௌஸ். நடுவில் ஒரு கதவு கனம்தான். வெயில் சாய்ந்து அஸருக்குப் பாங்கு சொல்லும்போது பிள்ளை என் மடியில் இறந்திருந்தாள். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன். ஜொஹரா உள்ளே வந்து அவளை வாங்கி, மாரோடு வைத்துக்கொண்டாள். அப்போதும் அவள் ரவிக்கை நனைந்தது. நான் தடுக்கவில்லை. இனி அது கணக்கில் வராது.

சேக் அலாவுதீன் சைகோனிலிருந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "தாயில்லாப் புள்ளைக்கு நீங்கதான் மச்சான் தாயா இருந்தீங்க. அடுப்படியில ஒக்காந்து பால் கலக்குனீங்களாமே, ஊரே சொல்லுது" என்றார். ஆமாம் என்றேன். திரும்பிப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடமே விட்டுப் போனார். வேறு யாரிடம் கொடுப்பார்?

ஊரில் கொடி மாறிவிட்டது. சீமைச் சாமான் வருவது நின்றுபோனது. கடையில் இப்போது ஜவ்வரிசியும் சோப்பும் விற்கிறேன். நூகு பள்ளிக்கூடம் போகிறான். ஜொஹரா எனக்குச் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், நான் ஏதாவது வேடிக்கை சொன்னால் முடியும்வரை பொறுமையாக நிற்கிறாள். சல்மாவின் வீட்டைப் பெருக்கி விளக்கேற்ற நான் தினமும் போகிறேன். வாசலில் மிதியடியைக் கழற்றுவதில் தடுமாற்றம் இல்லை. சில நாள் லுஹர் நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்த் திறப்பேன். வெயில்தான் நிற்கும். இப்போதெல்லாம் உடனே திறந்துவிடுகிறேன்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். சல்மாவோடு வாக்கு இருந்தது என்றேன். சம்பந்தம் கேட்டது நான். அவள் உயிர் போகிற நேரத்தில் குனிந்து காதில் கேட்டேன். அவள் அதற்குப் பதிலாகச் சொன்னது, "பசிக்க விட்றாதீங்க நானா" என்பது மட்டும்தான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுக்கவில்லையே.

பிள்ளையைக் கொன்றது தண்ணீரா, புளித்த டின்னா, மாவா என்று என்னைக் கேட்டால், மூன்றும் இல்லை, நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுத்த வாக்கை நான் கெடுக்கவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் நூகுவுக்கும் பிர்தௌஸுக்கும் நிக்காஹ் செய்ய மார்க்கத்தில் ஒரு தடையும் இல்லை.